பனியும் காற்றும் கம்பெனிக் கணக்கும்

விக்டர் ஷோஸ்ட்ரோமைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் முதல் பத்தியிலேயே இயற்கையை இழுத்துவந்துவிடுகிறார்கள். கடலும் பனிமலையும் பாலைவனக் காற்றும் அவர் படங்களில் பாத்திரங்களாகவே நடமாடுகின்றன என்பது சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் வழிவழியாக வரும் வாசகம். கூடவே ஒரு விளக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும்: ஸ்வீடன்காரர்கள் நீண்ட குளிர்காலத்தில் வளர்ந்தவர்கள், காடும் ஏரியும் அவர்கள் ரத்தத்தில் ஊறியவை, அது அப்படியே திரைக்கு வந்துவிட்டது. வாசகத்தை மறுக்க முடியாது. விளக்கத்தைத்தான் நம்ப முடியவில்லை. ஷோஸ்ட்ரோமின் தொழில் வாழ்க்கையை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால், அந்த இயற்கை திரைக்கு வந்ததற்கு ஒரு படக்கம்பெனியின் வரவு செலவும், ஒரு தணிக்கை அலுவலகமும், பக்கத்து நாடுகள் நடத்திய ஒரு பெரும் போரும்தான் முதல் காரணங்கள் என்று தெரிகிறது. மேதையின் உயரத்தைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மேதைமை எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கொஞ்சம் சரியாகத் தேடிப் பார்க்கலாமே என்பதற்காகத்தான்.

ரத்தத்தில் ஊறிய இயற்கை என்ற கதைக்கு அவருடைய இளமையே ஒத்துழைப்பதில்லை. 1879 செப்டம்பரில் வேர்ம்லாந்து மாவட்டத்தில் சில்புடால் என்ற ஊரில் பிறந்தார். நடை பழகும் வயதிலேயே பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அவர் வளர்ந்தது நியூயார்க்கின் புரூக்ளினில். ஏழு வயதில் தாய் இறந்தார், தந்தை மறுமணம் செய்துகொண்டார், 1893இல் பையன் ஸ்வீடனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு உப்சாலாவில் அத்தை வீட்டில் தங்கினான். பதினேழு வயதில் பின்லாந்தில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தான். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மேடைதான் வாழ்க்கை: ஊர் ஊராகப் போவது, ஒப்பனை அறை, சாயம் பூசிய திரை, காலடியில் விளக்கு. முப்பத்திரண்டு வயதில் சினிமாவுக்குள் வந்தபோது அவர் கையில் இருந்த முதலீடு நடிப்பு மட்டுமே. வனமும் மலையும் தெரிந்த மனிதராக அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை.

வேலைக்கு எடுத்தவர் சார்லஸ் மாக்னுசன். செய்திப் படங்கள் பிடித்துத் தொழில் பழகியவர். 1907இல் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் தொடங்கிய ஸ்வென்ஸ்கா பியோ கம்பெனிக்கு 1909இல் தலைமையேற்றார். கம்பெனியை ஸ்டாக்ஹோம் பக்கம் கொண்டுவந்து லிடிங்கோ தீவில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோவைக் கட்டினார். 1912இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மொரிட்ஸ் ஸ்டில்லர், ஷோஸ்ட்ரோம் என்ற இரண்டு நாடகக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்வீடன் அரசு நாடு முழுமைக்குமான தணிக்கை அலுவலகத்தைத் திறந்திருந்தது. உலகிலேயே முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுவது அது. டென்மார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த காதல், கள்ளக்காதல், தற்கொலைப் படங்கள்தான் அப்போது மக்களை இழுத்தன. படித்தவர்களும் பாதிரிமார்களும் சினிமாவையே தீட்டாகப் பார்த்தார்கள். ஷோஸ்ட்ரோம் 1912இல் இயக்கிய 'தோட்டக்காரன்' அந்தத் தணிக்கையில் மாட்டி ஸ்வீடனில் தடைசெய்யப்பட்டது. அதன் பிரதி பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில்தான் கிடைத்தது. இந்தப் பின்னணியில் மாக்னுசனின் யோசனை தெளிவானது. மரியாதைக்குரிய நாடக நடிகர்களையும் மரியாதைக்குரிய இலக்கியத்தையும் கொண்டுவந்தால் தணிக்கையும் தாண்டும், கொட்டகைக்கு வராத நடுத்தர வர்க்கமும் வரும். பின்னால் 'ஸ்வீடிஷ் பொற்காலம்' என்று பெயர் வாங்கியதன் விதை இந்த வியாபாரக் கணக்கு.

'தோட்டக்காரன்' படத்திலேயே ரோஜாத் தோட்டமும் வெயிலும் நீரும் அழகாக வந்திருக்கின்றனவே, முதல் படத்திலிருந்தே அவர் இயற்கையின் இயக்குநர்தானே என்று கேட்கலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக் கூரை ஸ்டூடியோவை நம்பிப் படமெடுத்த காலத்தில் வெயில்தான் விளக்கு. வடக்கே கோடையில் அது நாளெல்லாம் இலவசமாகக் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் யார் எடுத்த படத்திலும் வெளிப்புறம் இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1916 வரையில் ஷோஸ்ட்ரோம் இயக்கியவை முப்பதுக்கு அருகில். பெரும்பாலானவை இன்று இல்லை. 1941இல் ஸ்டாக்ஹோமின் வின்டர்விக்கன் பகுதியில் நைட்ரேட் படச்சுருள்கள் வைத்திருந்த கிடங்கு வெடித்து எரிந்ததில் கம்பெனியின் மூல நெகட்டிவ்களில் பெரும்பகுதி போயிற்று. தப்பியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பிறவி இயற்கைக் கவிஞர் என்று முடிவுகட்டுவது துணிச்சலான காரியம். அவர் வாரச் சம்பளக்காரரைப் போலப் படம் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

அந்த முதல் ஆண்டுகளில் தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்று அவர் கலையின் வேர் எங்கே என்று காட்டுகிறது. 1913இல் வந்த 'இங்கெபோர்க் ஹோம்' பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் நடக்கும் கதை. கடை வைத்திருந்த கணவன் இறக்கிறான், கடன் ஏறுகிறது, மூன்று குழந்தைகளோடு விதவை ஏழைகள் விடுதியின் படியேறுகிறாள். சட்டப்படி குழந்தைகளை அவளிடமிருந்து பிரித்து வேறு வேறு குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். நோய்ப்பட்ட மகளைப் பார்க்க அவள் விடுதியைவிட்டு ஓடுகிறாள். கடைசியில் சொந்தக் குழந்தையே அவளை அடையாளம் தெரியாமல் அழும்போது அவள் மனம் பேதலித்துவிடுகிறது. ஹில்டா போர்க்ஸ்ட்ரோம் நடித்த அந்தப் பெண் ஒரு மரத்துண்டைக் குழந்தையாக நினைத்து மடியில் வைத்து ஆட்டுகிறாள். கேமரா எங்கும் பாய்ந்து போவதில்லை. அறையின் ஒரு பக்கத்தில் நின்று, யார் முன்னால் வருகிறார்கள், யார் பின்னால் ஒதுங்குகிறார்கள், யார் முதுகைக் காட்டுகிறார்கள் என்பதிலேயே காட்சியை நடத்துகிறது. பெருந்துயரத்தில் நடிகையின் முகத்தை மறைத்துவிட்டு முதுகை மட்டும் பார்க்கவைக்க அந்தக் காலத்தில் தைரியம் வேண்டும். அது மேடையில் பதினைந்து ஆண்டுகள் நின்றவருக்கு வரும் தைரியம்.

படம் பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. ஏழைகள் நிவாரணத்தை நடத்தியவர்கள் இது மிகை என்றார்கள். ஆதரவற்றவர்களைக் குறைந்த கூலி கேட்பவருக்கு ஏலம் விட்டுப் பராமரிக்கக் கொடுக்கும் பழக்கமே ஸ்வீடனின் சில ஊர்களில் அதுவரை இருந்தது. 1918இல் வந்த புதிய ஏழைகள் பராமரிப்புச் சட்டம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டத்தை மாற்றிய படம் என்று 'இங்கெபோர்க் ஹோ'முக்குப் பட்டம் கொடுப்பார்கள். அது கொஞ்சம் தாராளமான பட்டம். சீர்திருத்தக்காரர்கள் படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே போராடிக்கொண்டிருந்தார்கள். படம் அவர்களுடைய வாதத்துக்கு ஒரு முகம் கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

திருப்பம் 1917 ஜனவரியில் வருகிறது. இப்சனின் நெடுங்கவிதையைத் தழுவிய 'தெர்யே வீகன்', வழக்கமான படச்செலவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, சுமார் 60,000 குரோனர் செலவில் எடுக்கப்பட்டது. கதாநாயகன் ஷோஸ்ட்ரோமே. 1809இல் ஆங்கிலேயர் கடலை மறித்து நார்வே பட்டினி கிடக்கும்போது, மனைவிக்கும் குழந்தைக்கும் தானியம் கொண்டுவரத் தனியாளாகப் படகை வலித்துக்கொண்டு டென்மார்க் போகிறான் தெர்யே. திரும்பும் வழியில் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறான். விடுதலையாகி வரும்போது இருவரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து, தன்னைப் பிடித்த அதே அதிகாரியின் குடும்பம் புயலில் சிக்கி அவன் கைக்குள் வருகிறது. ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே லாண்ட்சோர்ட் தீவில் உண்மையான அலைகளுக்கு நடுவே எடுத்தார்கள். இந்தப் படத்துக்கு முன்னால் ஷோஸ்ட்ரோம் மனச்சோர்வில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிறந்த மண்ணுக்குப் போய், பிறகு இப்சனின் கடற்கரையான கிரிம்ஸ்டாட் வரை போனதாகவும், அந்தப் பயணம்தான் அவரை வேறு கலைஞராக்கியதாகவும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பயணம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் சைக்கிளில் போய் ஞானம் பெற்றவருக்கு மூன்று மடங்கு பணம் யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

அதற்கு விடை முதல் உலகப் போரில் இருக்கிறது. நடுநிலை வகித்த ஸ்வீடனுக்குள் வெளிநாட்டுப் படங்களின் வரத்து சுருங்கியது. உள்நாட்டுப் படத்துக்குக் கொட்டகைகள் காத்திருந்தன. அதே போர் கப்பல்களையும் மறித்தது. தெர்யே வீகன் திரையில் தானியத்துக்காகத் துடுப்புப் போட்ட அந்தக் குளிர்காலத்தில்தான் ஸ்வீடனில் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. ஏப்ரலில் பல ஊர்களில் பசிக் கலவரம் வெடித்தது. முற்றுகை, பட்டினி, தானியம் என்ற சொற்களை அந்தப் பார்வையாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தின் வெற்றியைப் பார்த்த மாக்னுசன் கம்பெனியின் போக்கையே மாற்றினார்: குறைவான படங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகப் பணம், அதிக நாள். ஆண்டுக்கு ஆறேழு படம் இயக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றிரண்டு எடுத்தால் போதும் என்ற நிலை வந்தது. காத்திருந்து பனியைப் படம்பிடிக்க நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுத்தது கம்பெனி.

போர்தான் காரணம் என்றால் டென்மார்க்கும் நடுநிலை நாடுதானே, அங்கே ஏன் இப்படி ஒன்று நடக்கவில்லை? நியாயமான கேள்வி. டென்மார்க்கின் நோர்டிஸ்க் கம்பெனி போருக்கு முன்பே உலகச் சந்தையில் பெரும்புள்ளி. ஆண்டுக்கு நூறு படங்களுக்கு மேல் தள்ளியது. அது நம்பியிருந்தது ஜெர்மனியை. அங்கே கொட்டகைகளும் விநியோகமும் சொந்தமாக வைத்திருந்தது. 1917 கடைசியில் ஜெர்மன் அரசின் முயற்சியில் ஊஃபா கம்பெனி உருவானபோது அந்தச் சொத்துக்கள் அதற்குள் போய்விட்டன. நோர்டிஸ்க் பழைய உயரத்துக்கு எழுந்திருக்கவே இல்லை. ஸ்வீடிஷ் கம்பெனிக்கு அப்படிப் பெரிய வெளிச்சந்தையும் இல்லை, இழப்பதற்கும் அவ்வளவாக ஒன்றுமில்லை. எண்ணிக்கையில் டென்மார்க்கோடு மோத முடியாததால் தரத்தில் மோதிப் பார்த்தது. போர் இரண்டு நாடுகளுக்கும் ஒன்றுதான். கணக்குப் புத்தகம் வேறு.

இயற்கைக்குப் பின்னால் இருந்த இந்தப் போர்க்காலக் கணக்கு, பிறகு வந்த ஒரு படத்தில் இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது. 'பெர்க்-எய்விந்தும் அவன் மனைவியும்' ஐஸ்லாந்துக் கதை, ஐஸ்லாந்து எழுத்தாளர் யோகான் சிகுர்யோன்சனின் நாடகம். ஆட்டைத் திருடிய ஒருவன் சட்டத்துக்கு ஒளிந்து வருகிறான். வசதியுள்ள ஒரு விதவை அவனுக்காகப் பண்ணையை விட்டு மலைக்கு ஓடுகிறாள். கடைசியில் முதுமையும் பசியும் பனியும் இருவரையும் தின்கின்றன. மண்ணின் ஆன்மா என்று புகழப்படும் அந்த மலைகள் ஐஸ்லாந்தில் இல்லை. போர்க்காலத்தில் அங்கே போக வழியில்லாததால் ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோ மலைப்பகுதியில் எடுத்தார்கள். அதாவது ஐரோப்பிய விமர்சகர்கள் வாய்பிளந்து பார்த்த அந்த நிலம் ஒரு மாற்று ஏற்பாடு, பெரிய செட். அங்கே பாறை விளிம்பில் கயிற்றில் தொங்கி நடித்தது ஷோஸ்ட்ரோமேதான், அந்தக் கயிறு கிட்டத்தட்ட அவர் உயிரை வாங்கியிருக்கும். விதவையாக நடித்த எடித் எராஸ்டோஃபை 1922இல் மணந்துகொண்டார்.

செல்மா லாகர்லோஃபின் கதைகளை எடுத்த கட்டத்துக்கு வரும்போது இலக்கியக் கணக்கு முழுப் பலன் தருகிறது. 1909இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அவர் பெயர் சுவரொட்டியில் இருந்தால் பாதிரியாரும் டிக்கெட் வாங்குவார். 'இங்மர் மக்கள்' படத்தில் இளம் உழவன் ஒருவன் வானம் வரை போகும் நீண்ட ஏணியில் ஏறிப் போய், மேலே கிராமத்துக் கூடம் போன்ற ஓர் அறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தன் முன்னோர்களிடம் கல்யாண விஷயத்தில் யோசனை கேட்கிறான். சொர்க்கத்தைக்கூடப் பண்ணை வீடாக்கிவிட்ட அந்தக் காட்சியில் சிரிப்பும் பக்தியும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 1921 புத்தாண்டு நாளில் வெளியான 'வண்டிக்காரன்' இந்த வரிசையின் உச்சம். ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவு அடிக்கும்போது சாகிறவன் அடுத்த ஆண்டு முழுதும் சாவின் வண்டியை ஓட்ட வேண்டும் என்ற நம்பிக்கை. அதில் மாட்டிக்கொள்ளும் குடிகாரன் டேவிட் ஹோமாக ஷோஸ்ட்ரோம்.

கதை நடக்கும் ஊருக்கு முன்மாதிரியான லாண்ட்ஸ்க்ரோனாவிலேயே எடுக்க வேண்டும் என்று லாகர்லோஃப் விரும்பினார். ஷோஸ்ட்ரோம் ஒப்புக்கொள்ளவில்லை. ராசுண்டாவில் அப்போதுதான் கட்டி முடித்திருந்த புதிய ஸ்டூடியோ அவருக்குத் தேவைப்பட்டது, காரணம் பேய்கள். ஒளிப்பதிவாளர் யூலியுஸ் யேன்சோன் முதலில் அறையையும் உயிருள்ளவர்களையும் எடுப்பார். படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, கருப்புப் பின்னணியில் வண்டியையும் வண்டிக்காரனையும் அதே சுருளில் மீண்டும் எடுப்பார். சில இடங்களில் நான்கு தடவை வரை. கேமரா கையால் சுற்றுவது. முதல் தடவை என்ன வேகமோ நான்காம் தடவையும் அதே வேகம் வேண்டும், இல்லையென்றால் ஆவி தரையில் நடக்காமல் மிதக்கும். ஒரு தடவை தவறினால் முதலிலிருந்து எல்லாம் வீண். அதுவரை படங்களில் வந்த பேய்கள் கண்ணாடியில் ஒட்டிய படம்போலத் தட்டையாக நிற்கும். இந்த ஆவிகள் மேசைக்குப் பின்னால் மறைந்து கதவுக்கு முன்னால் வருகின்றன. 'இயற்கையின் இயக்குநர்' எடுத்த தலைசிறந்த படம் நிஜ ஊரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு செட் போட்ட தெருவில் எடுக்கப்பட்டது என்பதை அந்தப் பட்டத்தைக் கொடுப்பவர்கள் வசதியாகத் தாண்டிப்போகிறார்கள்.

எல்லாமே கம்பெனி கொடுத்த சூழ்நிலை என்றால் அதே கம்பெனியில், அதே யேன்சோனின் கேமராவோடு, அதே லாகர்லோஃப் கதைகளை எடுத்த ஸ்டில்லர் ஏன் வேறு மாதிரியான இயக்குநர்? இந்த ஆட்சேபம்தான் வலுவானது. ஸ்டில்லரின் கை லேசானது. 1920இல் 'எரோட்டிகான்' போன்ற குறும்பான மேல்தட்டு நகைச்சுவைப் படம் அவரால் முடிந்தது, ஷோஸ்ட்ரோமால் ஒருநாளும் முடிந்திருக்காது. ஆக, சூழ்நிலை கதவைத் திறந்தது, உள்ளே போனவர்கள் தங்கள் தங்கள் சுமையோடு போனார்கள். ஷோஸ்ட்ரோமின் சுமை: செய்த தப்பு. தெர்யேயின் கடல், எய்விந்தின் பனி, டேவிட் ஹோமின் கல்லறைத் தோட்டம் எல்லாமே ஒரு மனிதன் தான் செய்ததற்கோ தனக்குச் செய்யப்பட்டதற்கோ கணக்குத் தீர்க்க வந்து நிற்கும் இடங்கள். அதனால்தான் அவருக்கு நிலம் எது என்பது அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை: அபிஸ்கோ ஐஸ்லாந்தாகலாம், அட்டைச்சுவர் தெரு லாண்ட்ஸ்க்ரோனாவாகலாம். அந்த இடத்தில் ஒரு முகம் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் நிர்ணயித்தது.

போர் முடிந்ததும் கணக்கு தலைகீழானது. அமெரிக்கப் படங்கள் திரும்பி வந்து ஐரோப்பாவை நிறைத்தன. 1919இல் கம்பெனிகள் இணைந்து உருவான ஸ்வென்ஸ்க் பில்ம்இன்டஸ்ட்ரி வெளிநாட்டு ரசனைக்கு எடுத்த ஆடம்பரப் படங்கள் எந்த நாட்டுக்கும் பிடிக்கவில்லை. 1923 தொடக்கத்தில் கோல்ட்வின் கம்பெனியின் அழைப்பில் ஷோஸ்ட்ரோம் ஹாலிவுட் போனார். இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து கோல்ட்வின் படங்களின் ஸ்வீடன் விநியோகம் அவருடைய கம்பெனிக்கு வந்தது. இயக்குநரையே கொடுத்து சரக்கு வாங்கியது போலத்தான். அங்கே அவர் பெயர் விக்டர் சீஸ்ட்ரோம் ஆனது. 1924இல் லான் சேனியை வைத்து எடுத்த 'ஹீ ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு', புதிதாக இணைந்த எம்.ஜி.எம். முழுக்கத் தானே தயாரித்த முதல் படம். வசூலும் நன்றாக இருந்தது. 1926இல் லில்லியன் கிஷ் நடித்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. நியூ இங்கிலாந்தின் பழைய தூய்மைவாதிகளை இன்றைய அமெரிக்கனைவிட ஒரு ஸ்வீடன்காரர் நன்றாகப் புரிந்துகொள்வார் என்று நினைத்துக் கிஷ்தான் அவரைக் கேட்டு வாங்கினார்.

அதே கிஷ் கொண்டுவந்த கதைதான் 'தி விண்ட்'. டெக்சாஸின் ஓயாத காற்றுக்கு நடுவே வாழ வரும் வர்ஜீனியாப் பெண் மெல்ல மெல்ல மனநிலை இழக்கிறாள். தன்னைக் கெடுத்தவனைச் சுட்டுப் புதைக்கிறாள், காற்று மணலைத் தள்ளிப் பிணத்தின் முகத்தை வெளியே காட்டுகிறது. மொஹாவே பாலைவனத்தில் கொளுத்தும் வெயிலில் எட்டு விமான விசிறிகளை வைத்து மணலை வாரி அடித்தார்கள். பிலிமே உருகாமல் இருக்க அதைக் குளிரவைக்க வேண்டியிருந்தது என்றும், ஒரு கதவின் கைப்பிடியைத் தொட்டுக் கை வெந்துபோனது என்றும் கிஷ் எழுதியிருக்கிறார். சினிமாவில் வந்த காற்றுகளிலேயே மிகக் கொடூரமான இந்தக் காற்று எட்டு எஞ்சின்கள் உற்பத்தி செய்தது. ஸ்வீடனின் ஆன்மா அங்கே இல்லை. பணமும் பிடிவாதமும் கிஷ்ஷின் முகமும் இருந்தன, படம் அபிஸ்கோவுக்குச் சற்றும் இளைத்ததல்ல.

ஹாலிவுட் அவரைக் கெடுத்தது என்பவர்கள் உடனே இந்தப் படத்தின் முடிவைக் காட்டுவார்கள்: நாவலில் பெண் பைத்தியமாகிக் காற்றில் போகிறாள், படத்தில் கணவன் தோளில் சாய்கிறாள், ஸ்டூடியோ வற்புறுத்தி மாற்றிவிட்டது என்று. இந்தக் கதை பெரிதும் கிஷ்ஷின் பிற்கால நினைவைச் சார்ந்தது. திரைக்கதை வரைவுகளைப் பார்த்த ஆய்வாளர்கள், சுபமான முடிவு முன்னமே எழுதப்பட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். அதோடு, இறுதியில் கிடைக்கும் மன்னிப்பு ஷோஸ்ட்ரோமுக்குப் புதிதல்ல. தெர்யே பழிவாங்காமல் விடுகிறான், டேவிட் ஹோம் திருந்தி மனைவியிடம் திரும்புகிறான், இங்கெபோர்க் ஹோம்கூடப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மகனால் தெளிவடைகிறாள். இதற்கெல்லாம் எந்த ஸ்டூடியோ பொறுப்பு? உண்மையான அடி வேறு இடத்திலிருந்து வந்தது. படம் 1928 கடைசியில் இசையும் ஒலியும் ஒட்டப்பட்டு வெளிவந்தபோது மக்கள் பேசும் படங்களுக்கு வரிசையில் நின்றார்கள். கிரேட்டா கார்போவை வைத்து எடுத்து அதே ஆண்டு வெளிவந்த 'தி டிவைன் உமன்' படத்தின் கதி இன்னும் மோசம்; மாஸ்கோவில் கிடைத்த ஏறக்குறைய ஒன்பது நிமிடத் துண்டுதான் மிச்சம்.

1930இல் ஒரு பேசும் படம் எடுத்துவிட்டு ஊர் திரும்பினார். பிறகு ஸ்வீடிஷிலும் ஜெர்மனிலும் ஒரே கதையை இரட்டையாக எடுத்தார். 1937இல் இங்கிலாந்தில் 'அண்டர் த ரெட் ரோப்'. அவ்வளவுதான், ஐம்பத்தேழு வயதில் இயக்குநர் வேலை முடிந்தது. அவர் வற்றிவிட்டார் என்று சொல்லிவிடலாம், ஆனால் 1916க்கு முந்தைய ஷோஸ்ட்ரோமைப் பார்த்தவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். இம்முறை எந்தக் கம்பெனியும் மூன்று மடங்கு செலவு செய்ய முன்வரவில்லை.

1943 முதல் 1949 வரை அவர் பழைய கம்பெனியில் கலைத்துறைத் தலைவராக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். மாக்னுசன் ஒருகாலத்தில் பார்த்ததில் ஒரு பகுதி வேலை. இங்மர் பெர்க்மன் என்ற இளைஞர் தன் முதல் படமான 'கிரைசிஸ்' எடுக்கும்போது எல்லோரிடமும் சண்டை போட்டுத் திணறிக்கொண்டிருந்தார். ஷோஸ்ட்ரோம் அவர் பிடரியைப் பற்றி ஸ்டூடியோவுக்கு வெளியே நடத்திக் கூட்டிக்கொண்டுபோய், காட்சியைச் சிக்கலாக்காதே, ஆட்களோடு மல்லுக்கு நிற்காதே என்று புத்தி சொன்னதைப் பெர்க்மன் பிறகு எழுதினார். 'வண்டிக்கார'னை ஆண்டுதோறும் போட்டுப் பார்த்துவந்தவர் பெர்க்மன். 1957இல் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்துக்காக எழுபத்தேழு வயது ஷோஸ்ட்ரோமிடம் போனபோது, வசனம் மனதில் நிற்காத, சீக்கிரம் களைத்துப்போகிற முதியவரிடம்தான் போனார். ஐந்து மணி வாக்கில் வீட்டுக்குப் போய் விஸ்கி குடிக்கும் வழக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பது உடன்பாடு; படப்பிடிப்பு அந்த மணிக்கேற்ப நடந்தது. பேராசிரியர் ஈசாக் போர்க் லுண்ட் நகருக்குப் பயணம் போகும் கார்க் காட்சிகள் பல, வெளியே ஓடும் காட்டையும் சாலையையும் கண்ணாடிக்குப் பின்னால் திரையில் ஓட்டி, ராசுண்டா ஸ்டூடியோவிலேயே எடுக்கப்பட்டவை.